ஐப்பசி மழைக்கு ஆடிக் காற்று உதவாது

நம்பிக்கை: வெயில் குறைந்தால் காற்று, காற்று ஓய்ந்தால் வெயில். சோலாரையும் காற்றாலையையும் சேர்த்துவிட்டால், ஒதுக்குப்புற ரயில்வே கேட்டுகளுக்கும் சிக்னல்களுக்கும் கரண்ட் கவலையே இல்லை.

உண்மை: ஆனி, ஆடியில் மேகம் சூரியனை மறைத்தாலும் தென்மேற்குப் பருவக் காற்று கைகொடுக்கும். அதுவரை சரி. ஐப்பசி, கார்த்திகையில்? காற்றும் தணியும், வானமும் மூடிக்கொள்ளும். ஆபத்து அதிகமாக இருப்பதும் அப்போதுதான். 2021 நவம்பர் 12 அதிகாலை, தருமபுரி மாவட்டத்தில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே, மழையில் சரிந்து விழுந்த பாறைகளில் மோதிக் கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. உயிர்ச்சேதம் இல்லை. அப்படிப்பட்ட இரவில் மலையடிவாரக் கேட்டின் தொலைபேசியும் விளக்கும் அணையவே கூடாது. அங்கே காப்பாற்றுவது பேட்டரிதான்.

கணக்கைப் பாருங்கள். இரவும் பகலும் 100 வாட் இழுக்கும் சிறு கேட் கூடத்துக்கு நாளொன்றுக்கு 2.4 யூனிட் வேண்டும். மூன்று நாள் மேகத்தைச் சமாளிக்க 7.2 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும்; ஆகவே 14 யூனிட்டுக்கு மேல் கொள்ளளவு தேவை. திட்ட அறிக்கையில் முதலில் தேட வேண்டிய எண் இது. சோலார் தகடுகளின் எண்ணிக்கையைப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை.

நம்பிக்கை: ஆடிக் காற்றில் அம்மியே பறக்கிறது, காற்றாலை சுற்றாதா?

சுற்றும். ஆனால் சுற்றுவது வேறு, மின்சாரம் தருவது வேறு. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 130 வாட் இருக்கும். 3 மீட்டரில் 16 வாட்தான். அதிலும் சிறிய காற்றாலை பிடித்துத் தருவது ஒரு பகுதியே. தமிழகக் காற்றாலைகள் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்களை ஒட்டிக் குவிந்திருப்பதற்குக் காரணம் இதுவே. சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையும் 2009-இல் தன் 10.5 மெகாவாட் காற்றாலைகளைத் தான் இருக்கும் பெரம்பூரில் நிறுவவில்லை. திருநெல்வேலிச் சீமையின் கஸ்தூரிரங்கபுரத்துக்குப் போனது.

நம்பிக்கை: ஓடும் ரயில் கிளப்பும் காற்றிலேயே மின்சாரம் எடுக்கலாம்.

அந்தக் காற்று சில வினாடிதான் வீசும். அடுத்த ரயில் வரும்வரை காற்றாலை சும்மா நிற்கும். தண்டவாளத்தை ஒட்டிக் கம்பம் நட்டால் பாதுகாப்புச் சிக்கல் வேறு.

நம்பிக்கை: சித்திரை வெயிலில் சோலார் உச்சத்தில் இருக்கும்.

தகட்டுக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் தகடு சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.4 சதவீதம் சரியும்.

தருமபுரியின் மலைப்பாதைக்குக் காற்றாலையே ஆகாது என்பதல்ல இதன் பொருள். காற்றாலைக் கம்பம் நடும் இடத்திலேயே ரயில்வே ஓர் ஆண்டு முழுக்கக் காற்றை அளந்து பார்க்கட்டும். அளவு தேறினால் நடலாம். தேறாவிட்டால் அந்தப் பணத்தைப் பேட்டரிக்கும் கூடுதல் தகடுகளுக்கும் செலவிட வேண்டும்.