அரசின் மனத்தை ஆக்குவோர் யார்?

"அரசு மனம் வைத்தாலன்றிப் பருவநிலை சீராகாது" என்கிறோம். அம்மனத்தை ஆக்குவோர் யார் என்பதே இப்பாடம்.

சுவிட்சர்லாந்தில் 18 திங்களுக்குள் 1,00,000 குடிமக்கள் கையொப்பமிட்டால், அவர்கள் கோரும் அரசியல் சட்டத் திருத்தம் நாடளாவிய வாக்கெடுப்புக்கு உரியதாகும். ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் உருகக் கண்ட மக்கள், பருவநிலையைக் காக்கக் கோரி, வேண்டிய கையொப்பங்களை 2019 நவம்பரில் அளித்தனர்.

வெற்றி எளிதில் கிட்டவில்லை. 2021 ஜூனில் அரசு முன்வைத்த கரியமிலவாயுச் சட்டத்தை, எரிபொருள் விலை ஏறுமென்ற அச்சத்தால் 51.6 விழுக்காட்டினர் மறுத்தனர். எனினும் மக்களின் கோரிக்கை நாடாளுமன்றத்தின் முன் நின்றது. அதற்கு விடையாக 2022இல் வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. 2050க்குள் வெப்பவாயுக்களின் நிகர வெளியீட்டைச் சுழியமாக்குவது அதன் இலக்கு. புதிய வரி இல்லை. வீடுகளில் எண்ணெய், எரிவாயு வெப்பமூட்டிகளை மாற்றுவோர்க்கு உதவித்தொகை உண்டு. 2023 ஜூன் 18 அன்று 59.1 விழுக்காட்டினர் அதனை ஏற்றனர்.

இதனால் நாம் அறிவன இரண்டு: கோரிக்கையை எழுத்திலும் எண்ணிக்கையிலும் காட்டுதல் வேண்டும்; மறுப்போரைப் பகைக்காது, அவர்தம் அச்சத்திற்கு விடை காணுதல் வேண்டும்.

நம் நாட்டில் இத்தகைய வாக்கெடுப்பு இல்லை. ஆயினும் கிராம சபை உண்டு, மனு உண்டு.

பயிற்சி: உங்கள் தெருவில் மறுப்பவர் ஒருவரின் அச்சம் யாது? கேட்டு எழுதுக.