கரிசல் காட்டில் செடி வளர்ச்சியை அளப்பது எப்படி?

கோவில்பட்டி வட்டாரத்தில் தரிசிலும் வரப்போரத்திலும் உடை, இலந்தை, கருவேலம் வளர்க்க நினைக்கும் விவசாயிகள் முதலில் கேட்பது, "எந்தச் செடி நம் காட்டில் நிற்கும்?" என்பதே. ஓராண்டைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல இயலாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் பொய்த்தது. 2023 டிசம்பரிலோ இதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. இவற்றில் எந்த ஓராண்டை வைத்துச் செடியை எடை போட்டாலும் கணக்கு தவறும்.

ஒரே இடத்தை விடாமல் கவனிக்கும் முறை நம்மவர்க்குப் புதிதல்ல. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தோன்றியது. கோவையில் 1909இல் நிரந்தர எருச் சோதனை தொடங்கப்பட்டது. ஒரே பாத்தி, ஒரே எரு என்பதே அதன் அடிப்படை. வறண்ட நிலப் புதர்களை இவ்வாறு கவனித்ததில் பழமையானது அமெரிக்காவின் டூசான் நகரையடுத்த துமமாக் குன்று. அங்கே 1906இல் ஸ்பால்டிங் என்ற தாவர இயல் அறிஞர் நிரந்தரச் சதுரங்களை அமைத்தார். 1978 வரையிலான 72 ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தபோது, தனித்தனிச் செடி இனங்கள் பெருகியும் குறைந்தும் வந்தனவே தவிர, மொத்தத் தாவரக் கூட்டம் ஒரே திசையில் மாறவில்லை என்று தெரிந்தது. பத்தாண்டுடன் நிறுத்தியிருந்தால் வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

கரிசலில் இதைச் செய்ய ஒரு தனி இடைஞ்சல் உண்டு. மழையில் இம்மண் உப்புகிறது, கோடையில் சுருங்கி வெடிக்கிறது. அடித்த முளைக்குச்சி மேலெழும்பும் அல்லது சாயும். தரைமட்டமே மாறும்போது தரையிலிருந்து எடுத்த உயரம் எப்படிச் சரியாகும்? எனவே தூரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டைச் சுற்றிப் பெயிண்ட் வளையம் இட்டு, அதற்கு மேல் அளக்க வேண்டும். முற்றிய தண்டு நீளாது, நுனியே வளரும். ஆகவே வளையம் இடம் மாறாது. செடியின் இடத்தைக் கிணற்றுச் சுவர், சர்வேக் கல் ஆகிய இரண்டிலிருந்தும் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டால் முளையே தேவையில்லை.

பெரும்பாலோர் தவறுவது பட்டுப்போன செடிகளின் கணக்கில்தான். இருபது செடிகளின் சராசரி உயரம் 90 செ.மீ. என்று கொள்வோம். அதில் 60 செ.மீ. உயரமுள்ள எட்டுக் குட்டைச் செடிகள் வறட்சியில் பட்டுவிட்டன. மிஞ்சிய பன்னிரண்டும் ஒரு விரல்கூட வளரவில்லை. மிஞ்சியதை மட்டும் கூட்டி வகுத்தால் சராசரி 110 செ.மீ.! வறட்சியில் செடி 20 செ.மீ. வளர்ந்ததாகப் புத்தகம் சொல்லும். அதை நம்பி மறு ஆண்டும் அதே கன்றை வாங்கி நட்டால் பணமும் உழைப்பும் வீண். பட்ட செடியின் எண்ணை அடிக்காமல், "பட்டது" என்று மாதத்துடன் எழுத வேண்டும். அளக்க மறந்ததை "அளக்கவில்லை" என்றே எழுத வேண்டும். பூஜ்யம் போடுவதோ, சென்ற ஆண்டு எண்ணையே இறக்கி எழுதுவதோ கூடாது.

கரிமூட்டத்துக்கு வெட்டியது, ஆடு கடித்தது ஆகியவற்றையும் அன்றைக்கே குறிப்பது அவசியம். வெட்டிய சீமைக் கருவேலம் மறுபடி துளிர்க்கும். குறிப்பு இல்லையென்றால், உயரம் குறைந்த பழி மழையின் மேல் விழும்.

ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் அளப்பது முக்கியம். வடகிழக்கு மழையின் வளர்ச்சி அடங்கிய மாசி ஏற்றது. பத்தில் ஒரு செடியை, முதல் அளவைப் பார்க்காமல், வேறொருவர் மறுபடி அளக்கட்டும். இருவர் அளவும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதிவைத்து, மூன்றாம் முறை அளக்கலாம். எழுத்துப் பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, பழைய எண் தெரியும்படி விட வேண்டும்.