பென் டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மேட் செய்யாதீர்கள்!

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வருவார்கள். சென்ற மாதம் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு 16 ஜிபி பென் டிரைவுடன் வந்தார். “எங்கம்மா போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு தம்பி. வேற எங்கயும் இல்ல” என்றார். அவருடைய அம்மா இறந்து ஓராண்டு ஆகிறது.

செருகியதும், ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. கேன்சல் செய்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள். பழுதான டிரைவில் எதையும் எழுதக்கூடாது. செக்டிஸ்க்கும் வேண்டாம், அதுவும் டிரைவில் மாற்றம் செய்யும்.

1. முனையைப் பாருங்கள். கடற்காற்றில் எங்கள் பகுதியில் உலோகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, வேறு போர்ட்டில் செருகுங்கள்.

2. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். சரியான கொள்ளளவுடன் ‘ரா’ என்று காட்டினால், ஃபைல் சிஸ்டம் கெட்டிருக்கிறது, நம்பிக்கை உண்டு. ‘நோ மீடியா’ என்றால் சிப் அல்லது கன்ட்ரோலர் பழுது. சாஃப்ட்வேரால் பயனில்லை, டேட்டா ரெக்கவரி நிபுணரிடம் கொடுங்கள்.

3. முதலில் நகல் எடுங்கள். லினக்ஸில் இயங்கும் ‘ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ’ இலவசம். முதலில் நன்றாக உள்ள பகுதிகளைப் படித்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பும். கட்டளையில் டிரைவ், இமேஜ் ஃபைல், மேப் ஃபைல் என்ற வரிசை முக்கியம். மாற்றிக் கொடுக்காதீர்கள்! மேப் ஃபைல் இருந்தால், பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

4. அந்த இமேஜ் ஃபைலை ‘போட்டோரெக்’ மூலம் திறங்கள். இதுவும் இலவசம். ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு வகை ஃபைலின் தொடக்க அடையாளத்தைத் தேடி எடுக்கும். அதனால் பழைய ஃபைல் பெயர்கள் கிடைக்காது. மீட்டதை ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள்.

அண்ணனின் டிரைவை நகலெடுக்க ஓர் இரவு முழுவதும் ஆனது. பெரும்பாலான போட்டோக்கள் வந்துவிட்டன. சிலவற்றில் பாதிப்படம் சாம்பல் நிறமாக இருந்தது. அவற்றை மீட்க முடியவில்லை. ஆனால் அம்மா வாசலில் உட்கார்ந்து சிரிக்கும் படம் முழுதாகக் கிடைத்தது. அண்ணன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பென் டிரைவ் எடுத்துச் செல்லத்தான். சேமித்து வைக்க அல்ல. ஃபிளாஷ் செல்லில் தகவல் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது. அது நாளடைவில் கசியும். முக்கியமான ஃபைல்களை இன்றே இன்னும் இரண்டு இடங்களில் காப்பி செய்துவிடுங்கள்.