டயரின் வயதைச் சொல்லும் ஊசி

உங்கள் முன் இரண்டு டயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே நிறுவனம், ஒரே அளவு. இரண்டிலும் ரப்பர் தேயாமல் நிறைய இருக்கிறது. ஒன்று கடந்த மாதம் வாங்கியது. மற்றொன்று மூன்று ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்து, பல முறை பந்தயத் தடத்தில் சூடேறி ஆறியது. கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஆனால் வளைவில் திரும்பும்போது முதலாவது தரையைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவது வழுக்கும். சிப்பாங் போன்ற பந்தயத் தடங்களில் ஓடும் ‘ஸ்லிக்’ டயர்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. அவற்றில் பள்ளங்களே இல்லை. தேய்மானத்தைக் காட்டச் சில சிறு குழிகள் மட்டுமே இருக்கும். அந்தக் குழிகள் எவ்வளவு ரப்பர் மீதமுள்ளது என்று சொல்லும்; அந்த ரப்பர் இன்னும் பிடிக்குமா என்று சொல்லாது. அதைச் சொல்ல ஒரு சிறு கருவி இருக்கிறது. இந்த வாரம் அதைத் தெரிந்துகொள்வோம்.

மிருதுவான ரப்பர் ஏன் பிடிக்கிறது?

தார்ச்சாலை நம் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும், அருகில் பார்த்தால் கற்களின் மேடும் பள்ளமும்தான். மிருதுவான ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி, கற்களைச் சுற்றி அமர்கிறது. அதனால் இரண்டு நன்மைகள். முதலாவது, தரையைத் தொடும் பரப்பு கூடுகிறது. ரப்பரின் மூலக்கூறுகள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. இரண்டாவது, ஒவ்வொரு கல்லின் மேலும் ரப்பர் அமுங்கி மீளும்போது ஆற்றல் வெப்பமாகச் செலவாகிறது. இதுவும் வழுக்குவதை எதிர்க்கிறது.

அப்படியானால் எல்லா டயரையும் மிக மிருதுவாகச் செய்துவிடலாமே என்று கேட்கலாம். மிருதுவான ரப்பர் விரைவில் தேயும். அதனால்தான் ஃபார்முலா 1 பந்தயத்தில் காய்ந்த தடத்துக்கு மூன்று வகை டயர்களைத் தருகிறார்கள்: சிவப்புக் கோடு மிருதுவானது, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினமானது. பிடிமானமா, நீண்ட உழைப்பா என்பதை அணியினர் முடிவு செய்ய வேண்டும்.

ரப்பர் ஏன் இறுகுகிறது?

இதற்கு விடை தேட நம் ரப்பர் தோட்டங்களுக்குப் போகலாம். மரத்திலிருந்து வடியும் பாலை உறையவைத்துக் கிடைக்கும் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனுள் மூலக்கூறுகள் நீண்ட நூல்களைப் போலத் தனித்தனியாகக் கிடக்கின்றன. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் கலந்து சூடாக்கினால் அது உறுதியாகி, இழுத்துவிட்டாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதைக் கண்டுபிடித்தார். கந்தகம் அந்த நூல்களுக்கிடையே பாலங்கள் கட்டியதுதான் காரணம். இன்றைய பந்தய டயர்களில் செயற்கை ரப்பரே அதிகம் என்றாலும் அடிப்படை இதுவே.

பாலங்கள் குறைவாக இருந்தால் ரப்பர் மிருது, அதிகமானால் கடினம். ஆலையில் வேலை முடிந்தாலும் வேதியியல் நிற்பதில்லை. ஒவ்வொரு முறை டயர் நன்கு சூடேறும்போதும் மேலும் சில பாலங்கள் உருவாகலாம். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைத் தாக்குகின்றன. ரப்பரை மிருதுவாக வைக்கக் கலந்த எண்ணெய்களும் மெல்ல வெளியேறுகின்றன. அதனால்தான் பந்தயக்காரர்கள் ஓடிய தூரத்தை மட்டும் எண்ணுவதில்லை. டயர் எத்தனை முறை சூடேறி ஆறியது என்பதையும் எண்ணுகிறார்கள். பிற்பகலில் சிப்பாங் தடத்தின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸைத் தாண்டுவது உண்டு. அங்கே ஓடும் டயரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

கருவியின் பெயர் டூரோமீட்டர். தமிழில் கடினமானி எனலாம். ஆல்பர்ட் ஷோர் என்பவர் உருவாக்கியதால் அதன் அளவுகோல் ‘ஷோர்’ எனப்படுகிறது. டயருக்குப் பயன்படுவது ‘ஷோர் ஏ’ வகை.

உள்ளங்கையில் அடங்கும் கடிகாரம் போன்ற கருவி அது. அடிப்பகுதியில் மழுங்கிய நுனி கொண்ட ஊசி ஒன்று 2.5 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு சுருள்வில். கருவியை ரப்பரில் அழுத்தினால் ஊசி ரப்பருக்குள் இறங்கப் பார்க்கும். ரப்பர் அதை மேலே தள்ளும். ரப்பர் மிகவும் மிருதுவாக இருந்து ஊசி முழுவதும் இறங்கிவிட்டால் முள் 0 காட்டும். கண்ணாடி மேல் வைத்தால் ஊசி சிறிதும் இறங்காது. முள் 100 காட்டும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 2.5 மில்லிமீட்டரை 100 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 0.025 மில்லிமீட்டர். சாதாரண எழுதுதாளின் தடிமனில் நான்கில் ஒரு பங்கு! டயர் 50 காட்டினால் ஊசி 1.25 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. 60 காட்டினால் 1 மில்லிமீட்டர் மட்டுமே. டயரைக் கண்ணால் பார்த்து இந்தக் கால் மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கணிப்பது கடினம். ஊசிக்குத் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள்: ரப்பர் வளையம் சுமார் 25, சாலையில் ஓடும் காரின் டயர் சுமார் 60 முதல் 70 வரை, பேரங்காடித் தள்ளுவண்டியின் சக்கரம் 95-க்கும் மேல்.

அளப்பது எப்படி?

1. முதலில் கருவியைச் சோதியுங்கள். காற்றில் பிடித்தால் 0, கண்ணாடியில் வைத்தால் 100 காட்ட வேண்டும்.

2. டயரை நிழலில் வைத்து, அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். மேற்பரப்பின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஒட்டியிருக்கும் மணலையும் பழைய ரப்பர் துணுக்குகளையும் அகற்றுங்கள்.

4. கருவியைச் செங்குத்தாக வைத்து அழுத்துங்கள். அடிப்பகுதி முழுவதும் டயரைத் தொட வேண்டும். தொட்ட ஒரு நொடிக்குள் எண்ணைப் படியுங்கள். காத்திருந்தால் ரப்பர் மெல்ல விட்டுக்கொடுக்கும், எண் குறைந்துவிடும்.

5. ஒரே இடத்தில் மீண்டும் அளக்காமல், சற்றுத் தள்ளித் தள்ளி ஐந்து இடங்களில் அளந்து, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 52, 53, 53, 54, 58 என்று வந்தால் சராசரி 54. நடு எண் 53. ஏதோ கல் துணுக்கில் பட்டு வந்த 58 நம்மை ஏமாற்றாமல் நடு எண் காப்பாற்றுகிறது.

6. டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள்.

எண் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். “55 நல்லதா, கெட்டதா?” என்று கேட்கிறார்கள். தனியாக ஓர் எண்ணுக்குப் பொருள் இல்லை. ஒரு நிறுவனத்தின் 55 நன்றாகப் பிடிக்கலாம். வேறொன்றின் 50 வழுக்கலாம். ரப்பர் கலவையில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஊசி கடினத்தைத்தான் அளக்கிறது, பிடிமானத்தை அல்ல.

எனவே ஒரு டயரை அதனுடனேயே ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, புதிதாக வாங்கிய அன்று 50 இருந்த டயர் முதல் ஓட்டத்துக்குப் பின் 51, நான்காவதுக்குப் பின் 54, எட்டாவதுக்குப் பின் 60 என்று ஏறுகிறது என்போம். 60 என்ற எண்ணைவிட, 50-லிருந்து 60-க்கு ஏறியதுதான் செய்தி. ஓட்டுநர் நேரம் எடுத்த குறிப்பும் அதே ஏட்டில் இருந்தால், எந்த எண்ணுக்கு மேல் அந்த டயர் பயன்படாது என்று அந்த அணிக்கே தெரிந்துவிடும். கருவியைவிட அந்தக் குறிப்பேடே முக்கியம்.

இன்னும் மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, வெப்பம். சூடான ரப்பர் மிருதுவாகும். காலையில் நிழலிலும் மதியம் வெயிலிலும் அளந்தால் ஒரே டயர் இரண்டு எண்கள் காட்டும்; வயதான டயர்கூட இளமையாகத் தோன்றும். இரண்டாவது, தடிமன். சரியாக அளக்கச் சுமார் 6 மில்லிமீட்டர் ரப்பர் தேவை. ஸ்லிக் டயர் தேய்ந்து மெலியும்போது, அடியிலுள்ள உறுதியான அடுக்கை ஊசி உணரத் தொடங்கும், எண் உயரும். மூன்றாவது, ஏமாற்று வேலை. டயரில் ரசாயனம் பூசி மிருதுவாக்குவோர் இருக்கிறார்கள். அதைத் தடுக்கச் சில கோ-கார்ட் போட்டிகளில் குறைந்தபட்சக் கடினம் விதியாகவே இருக்கிறது. அதிகாரிகள் இதே கருவியால் சோதிக்கிறார்கள்.

நம் சாலைக்கு என்ன பாடம்?

நம்மில் பலர் பந்தயத்தில் ஓடப்போவதில்லை. ஆனால் பழைய டயர் வாங்குவோர் நம்மிடையே உண்டு. “பூ நிறைய இருக்கு, விலையும் பாதிதான்” என்று சொல்லி மோட்டார் சைக்கிளுக்கு மாட்டிக்கொள்கிறோம். மழை பெய்த மாலையில், வளைவில், அந்தப் பூ மட்டும் நம்மைக் காப்பாற்றாது. பள்ளம் தண்ணீரை வெளியேற்றும். தரையைப் பிடிப்பது ரப்பர்தான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பிறகு கட்டை விரல் நகத்தால் ரப்பரை அழுத்துங்கள். புதிய டயரிலும் அப்படியே அழுத்தி ஒப்பிடுங்கள். பழையதில் நகம் இறங்கவே மறுத்தாலும், பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலும், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இறுக்கம் குறைவாக இருப்பதாலேயே டயர் நல்லது என்றும் முடிவு கட்டாதீர்கள். உள்ளே கம்பி விட்டுப்போயிருந்தால் நகமும் சொல்லாது, ஊசியும் சொல்லாது. பட்டறையில் காட்டுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு ரப்பர் பந்துகளை எடுங்கள். ஒன்றை இரவு முழுவதும் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். காலையில் இரண்டையும் விரலால் அழுத்துங்கள். ஒரே உயரத்திலிருந்து கீழே விடுங்கள். என்ன வேறுபாடு காண்கிறீர்கள்? டயரை அளக்கும் முன் வெப்பநிலையைக் குறிக்கச் சொன்னது ஏன் என்று இப்போது உங்களால் பிறருக்கு விளக்க முடியும்.