மால்டாவின் ரொட்டியும் மொழியும்

என் பேரன் தண்ணீரை 'பானி' என்றே கேட்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மால்டா நினைவுக்கு வரும்.

சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் உள்ள குட்டி நாடு அது. பரப்பு 316 சதுர கிலோமீட்டர். மக்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களுடைய மால்டீஸ் மொழி அரபு வழி வந்தது. எழுதுவதோ ரோமன் எழுத்தில். படித்தவர்களும் நீதிமன்றமும் நெடுங்காலம் இத்தாலியனையே கையாண்டார்கள். 1800 முதல் 1964 வரை ஆங்கிலேயர் ஆட்சி. 1934-ல்தான் மால்டீஸ் ஆட்சி மொழியாயிற்று.

அதுவரை அதைக் காப்பாற்றியவர்கள் வீட்டிலும் தெருவிலும் அதைப் பேசிய எளிய மக்களே. ரொட்டிக்கு 'ஹொப்ஸ்', எண்ணெய்க்கு 'ஸெய்த்' என்பார்கள். இரண்டும் அரபு வேர்ச் சொற்கள். ரொட்டித் துண்டில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிடுவது அன்றாடச் சிற்றுண்டி. பெரும்பாலோர் கத்தோலிக்கர், ஆனால் கடவுளை 'அல்லா' என்றே அழைக்கிறார்கள்!

கோடையில் ஊருக்கு ஊர் 'ஃபெஸ்தா' நடக்கும். புனிதரின் சிலையைத் தோளில் சுமந்து வருவார்கள். பாண்டு வாத்தியம், வாணவேடிக்கை, மிட்டாய்க் கடைகள் எல்லாம் உண்டு. 'ஃப்தீரா' என்னும் தட்டை ரொட்டி 2020-லும், இத்திருவிழா 2023-லும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. மால்டீஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சி மொழிகளுள் ஒன்று.

வாரம் ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பு மட்டும் போதாது, அன்பர்களே. சாப்பாட்டு வேளையில் புழங்கும் மொழிதான் நிற்கும். இப்போது எங்கள் வீட்டில் 'தண்ணீர்' என்று கேட்டால்தான் தண்ணீர் கிடைக்கும்.