சோளன் மடலில் ஒரு தோரணம்

இந்த வார இறுதியில் சந்தைக்குப் போனால் சோளன் பொத்தியை மடலோடு வாங்கி வாருங்கள். ஒன்ராறியோச் சோளனின் பருவம் முடிந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில நாட்களில் கடைத் தட்டில் மடல் உரித்துப் பிளாஸ்ரிக் சுற்றிய பொத்திதான் மிஞ்சும். அவித்துச் சாப்பிடுங்கள், மடலை மட்டும் எறியாதீர்கள். வாசலை அலங்கரிக்க முதலில் வேண்டியது அதுதான்.

வெளிப்புறத்துக் கடும்பச்சை மடல்களைக் கழித்துவிடுங்கள். உள்ளே வெளிறி, மெல்லியதாக இருப்பவற்றைப் பழைய பத்திரிகைத் தாளில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் நான்கைந்து நாள் விட்டால் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வேலை தொடங்கப் பத்து நிமிடம் முன்பு இளஞ்சூட்டுத் தண்ணீரில் போடுங்கள். சருகாய்க் கிடந்தது குருத்தோலை மாதிரி வளையும். ஊரில் கலியாணப் பந்தலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் குருத்தோலை மடித்த கைக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. நகத்தால் கிழித்து, குருவி மடிப்போ பின்னலோ, கை போனபடி போகட்டும். மடலின் நீளம் ஓலைக்குக் கிட்டவும் வராது. ஆகவே நீளத் தோரணத்துக்கு ஆசைப்படாமல், சணல் கயிற்றில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகத் தொங்கவிடுங்கள். காயும்போது மடல் சுருங்கும். முடிச்சை இறுக்கமாகப் போடாவிட்டால் மூன்றாம் நாள் படியில் கிடக்கும்.

நிறம் வேண்டுமா? பழுப்பு வெங்காயத் தோல் இரண்டு கைப்பிடியை அரை மணித்தியாலம் அவித்து, வடித்த தண்ணீரில் மடலை ஊறவிடுங்கள். செம்பு நிறம் ஏறும். மஞ்சள்தூள் கண்ணைப் பறிக்கிற மஞ்சளைத் தரும், ஆனால் வெயிலில் வெகுவிரைவில் வெளுத்துப்போகும். மேற்குப் பார்த்த வாசல்காரர் வெங்காயத்தோலோடு நிற்பது நல்லது.

சோளன் மடலில் கைவேலை செய்வது இந்த மண்ணின் பழக்கம். பிராண்ட்ஃபோர்ட்டுக்குப் பக்கத்தில், கிராண்ட் ஆற்றங்கரையில் வாழும் ஆறு தேசத்து ஹோடனோஷோனி மக்கள் காலங்காலமாக மடலில் பொம்மை செய்கிறார்கள். அந்தப் பொம்மைக்கு முகம் வரைவதில்லை. உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியொன்றைக் கொண்டுவந்தால் கண்ணும் மூக்கும் வைத்துத் திருத்தப் போகாதீர்கள். சோளன், அவரை, பூசணி மூன்றையும் அவர்கள் ஒரே மேட்டில் நட்டு ‘மூன்று சகோதரிகள்’ என்று அழைத்தார்கள். அவரைக்கொடி சோளன் தண்டில் படரும், பூசணி இலை நிலத்தை மூடி ஈரம் காக்கும். இங்கத்தைய முன் விறாந்தைகளில் சோளன் தட்டைக் கட்டும் பூசணியும் சேர்ந்து நிற்கும் காட்சி அந்த வயலை நினைவூட்டும்.

அடுத்தது வளையம். இதில் எங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நான் முதன்முதல் கதவில் ஒன்றைக் கொழுவிய ஆண்டு, மாமி காரை விட்டு இறங்கியவர் படியேறாமல் நின்றார். “என்ன பிள்ளை, குடியிருக்கிற வீட்டுக் கதவிலை செத்தவீட்டு வளையத்தைக் கொழுவியிருக்கிறாய்?” அவர் கேட்டது நியாயம்தான். தமிழில் மலர்வளையம் என்றாலே பிரேதத்தின் காலடிதான் நினைவுக்கு வரும். ஊர்த் தோரணத்திலும் நல்ல காரியத்துக்கு ஒரு மடிப்பு, செத்தவீட்டுக்கு வேறொரு மடிப்பு என்று பிரித்து வைத்த ஆட்கள் நாங்கள். பூவைத் தவிர்த்து, கொடி தெரிய, ஒரு பக்கத்தில் மட்டும் இலையும் பைன் காயும் வைத்துக் கட்டினால் அந்தச் சாயல் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு மாமி ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

வளையத்துக்குக் கொடி கடையில் வாங்க வேண்டாம். பின்வேலியில் காட்டுத் திராட்சை, ஊரில் முந்திரிகை என்போமே, அது வேண்டாமென்றாலும் ஏறியிருக்கும். இலை உதிர்ந்ததும் வெட்டி, வாளியைச் சுற்றி நான்கைந்து சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிட்டால் போதும். கம்பியும் பசையும் தேவையில்லை.

ஆனால் வெட்டமுதல் கொடியை நன்றாகப் பாருங்கள். திராட்சைக் கொடியின் பட்டை நாராக உரியும், பற்றுச்சுருள் இருக்கும். மரத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் மயிர்போன்ற வேரோடு ஏறும் கொடி பொய்சன் ஐவி. அதன் இலை மூன்று மூன்றாக வரும், காய் வெள்ளை. இலையுதிர்காலத்தில் அது மேப்பிளுக்குப் போட்டியாகச் சிவக்கும். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பிடுங்குவது அதைத்தான். இலை போய்க் காய்ந்த தண்டிலும் அதன் நச்சு எண்ணெய் இருக்கும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். பட்டதாகச் சந்தேகம் வந்தாலே சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்குள் போகும். இன்னொன்று, மஞ்சள் தோடு வெடித்துச் சிவப்பு மணி தெரியும் ஓரியன்டல் பிற்றர்சுவீற். வளையத்துக்கென்றே படைத்ததுபோல அழகாயிருக்கும். ஆசியாவிலிருந்து வந்து இங்கத்தைய மரங்களை நெரிக்கிற கொடி அது. கதவிலிருக்கும் மணியைக் குருவி தின்றால் அடுத்த காட்டில் விதை விழும். அதுவும் வேண்டாம்.

எங்கே பிடுங்குவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருப்பவர்களுக்கு றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா கூப்பிடு தூரம். நிறம் பார்க்கப் போங்கள், படம் எடுங்கள். கொடி, கொப்பு, பைன் காய் எதையும் அங்கிருந்து எடுத்துவரச் சட்டம் விடாது. உங்கள் வளவும் அயலவரின் வளவும் போதும். கூட்டி அள்ளித் தருகிறேன் என்றால் எந்த அயலவர் மறுப்பார்?

மேப்பிள் இலையை விழுந்த அன்றே எடுக்க வேண்டும். அடுத்த நாள் ஓரம் சுருண்டுவிடும். தாளுக்கிடையில் வைத்துத் தடித்த புத்தகத்துக்குள் இரண்டு கிழமை அமுக்கலாம். பழைய தமிழ் வர்த்தகக் கையேடு வீட்டில் கிடந்தால் அதற்கு இப்போதுதான் வேலை. இப்படிக் காய்ந்த இலை வீட்டுக்குள் நிற்கும், வெளிக்காற்றில் நொறுங்கிவிடும். வாசலுக்கென்றால் கிளிசரின்தான் சரி. ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு தண்ணீர். தட்டையான பாத்திரத்தில் இலை முழுவதும் மூழ்க, மேலே ஒரு தட்டைப் பாரமாக வைத்து, நான்கைந்து நாள் விட்டுத் துடைத்தெடுங்கள். நிறம் கொஞ்சம் கறுக்கும், ஆனால் தோல்போல வளையும். மருந்துக்கடையில் ஒரு சிறு போத்தல் வாங்கினால் ஒரு வளையத்துக்குத் தாராளம்.

பைன் காய்களை நேரே வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 200 பாகை ஃபரன்ஹீற்றில் அரை மணித்தியாலம் அவணில் வைத்து, பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளிருக்கும் பூச்சி சாகும், பிசின் இளகி ஒட்டும், மூடிய காயும் விரியும். மழை ஈரம் பட்டால் திரும்ப மூடிக்கொள்ளும். பழுது என்று எறிய வேண்டாம், காய்ந்தால் திறக்கும்.

சூட்டுப் பசைத் துப்பாக்கியை நம்பாதீர்கள். குளிரில் அந்தப் பசை விறைத்து விட்டுவிடும். வெளிக் கண்ணாடிக் கதவுக்கும் மரக் கதவுக்கும் இடையில் கொழுவினால், வெயில் அடிக்கிற நேரத்தில் அந்த இடுக்கு அடுப்பாகிப் பசை இளகும். சணலால் கட்டுங்கள். கொழுக்கியும் கதவின் மேல்விளிம்பில் மாட்டுகிற வகையாக இருக்கட்டும்.

பூசணிக்கு வருவோம். இப்போது வாங்கலாம், இப்போது வெட்டக்கூடாது. முழுப் பூசணி குளிர்ந்த வாசலில் ஒன்றரை மாதம் தாராளமாக நிற்கும். வெட்டியது ஒரு கிழமையில் உள்ளே தொய்ந்து, வாய் கோணி, கிழவன் முகமாகிவிடும். தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் இரண்டாம் திங்கள், ஹலோவீன் 31. நீண்ட வார இறுதி உற்சாகத்தில் கத்தியெடுத்த வீடுகளில் ஹலோவீன் அன்று ஈதான் மொய்க்கும். எங்கள் வீடும் ஒருமுறை அப்படி இருந்தது. 28, 29 போல வெட்டினால் போதும்.

காம்பு முறியாததாகப் பார்த்து எடுங்கள், காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். முறிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். கொண்டுவந்ததும் நான்கு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து துடைத்துக் காயவிடுங்கள். பிளீச்சோடு வினாகிரி சேர்க்கக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். சமைக்க நினைக்கும் காயை இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள். சிறிய, பைக்கென்று விற்கும் பூசணிதான் கறிக்கு ருசி. பெரியது வெறும் தண்ணீர். கொங்கிறீற்றில் நேரே வைக்காமல் கீழே ஒரு மட்டையோ பலகையோ போடுங்கள். உறைபனி இரவுகளில் ஒரு பழைய போர்வை, அல்லது கராஜ்.

பூசணியைக் கடிக்கும் அணிலுக்கு மருந்து கேட்கிறார்கள். இங்கத்தைய அணில் முதுகில் மூன்று கோடு இல்லாத அணில். இராமர் கை படாததால் குணமும் வேறு. எல்லோரும் சொல்வது மிளகாய்த்தூள். வேலை செய்யும், முதல் மழை வரைக்கும். காற்றடித்தால் தபால்காரரின் கண்ணுக்கும் போகும். ஹலோவீன் கிழமையில் பிள்ளைகளின் கை படுகிற இடத்தில் தூவவே கூடாது. என் வழி இது: ஒரு பூசணியைப் பின்வளவில் வெட்டி வைத்துவிடுவேன். வாசலில் இருப்பது பாதி நாட்களில் தப்பும்.

வெட்டிய பூசணிக்குள் உண்மை மெழுகுதிரி வேண்டாம். பக்கத்தில் சோளன் தட்டையும் மடலும் காய்ந்து கிடக்கின்றன. பற்றரியில் எரியும் சிறு விளக்குகள் மலிவு. நொவெம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்ததும் ரொறொன்ரோவில் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் போய்விடும். படிக்கு வெளிச்சம் எப்படியும் தேவை.

வைக்கோல் கட்டு வாங்குவோர் புல்லுக்கட்டை வாங்கிவிடாதீர்கள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல. புல்லில் விதை இருக்கும், விதைக்கு எலி வரும். வைக்கோலையும் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

செவ்வந்திச் சட்டியைப் பூத்துக் குலுங்குவதாகப் பார்த்து வாங்குகிறோம். மொட்டாக இருப்பதை வாங்கினால் இன்னும் பல நாள் நிற்கும். சட்டியைச் சுற்றிய பளபளப்புத் தாளைக் கழற்றுங்கள், தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், பூவில் அல்ல. பூசைக்குப் பறிக்கலாமா என்று கேட்டால், பறிக்கலாம். ஊரில் சாமிக்கு வைத்த அதே செவ்வந்திதான். பூனை, நாய் வளர்ப்போர் மட்டும் கடிக்க விடாதீர்கள்.

அடுக்குமாடியில் இருப்போர் எதையும் கொழுவமுதல் கட்டட நிர்வாகத்தின் விதிகளைப் படியுங்கள். நடைபாதைக் கதவு தீயைத் தடுக்கவென்று செய்தது. அதில் ஆணியோ திருகாணியோ ஏற்றவே கூடாது. காய்ந்த இலையும் மடலும் பொது நடையில் தீக்கு உணவு. கதவின் உட்புறத்தில் அல்லது பல்கனிக் கண்ணாடியின் உள்ளே தோரணத்தைக் கட்டுங்கள். நவராத்திரிக் கும்பத்துக்குப் பின்னால் கட்டினாலும் நன்றாகத்தான் இருக்கும்.

நொவெம்பர் நடுவில் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். நனைந்த மடல் கறுக்கத் தொடங்கியிருக்கும். சாயம் பூசாத பூசணி, மடல், சாதாரண இலை எல்லாம் உரக்குழிக்குப் போகலாம். கிளிசரின் இலையைக் குப்பையில் போடுங்கள். வளையத்திலிருந்து எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டுக் கொடியை மட்டும் கராஜில் ஓர் ஆணியில் கொழுவி வையுங்கள். தைப்பொங்கலுக்கு மாவிலை செருகக் கைவசம் ஒரு வட்டம் இருக்கும்.