வெள்ளி ரூபாய் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைக்கு

பாட்டியின் சுருக்குப்பையில் கிடைத்த விக்டோரியா ராணி ரூபாய்களோடு நீயும் இந்த வழிக்கு வந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், கண்ணு. கள்ளக்காசைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்கிறாய். கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உன் மனசைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. முதலில் நல்ல காசோடு பழகு. எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய்களில் தேய்ந்ததாக, மலிவானதாக நாலைந்து வாங்கிக் கைக்கு எட்டும் இடத்தில் வை. எனக்குக் கற்றுக்கொடுத்த வெள்ளிக்கடைப் பெரியவர் பல மாதம் ஒரு போலியையும் கண்ணில் காட்டவில்லை. நல்லதையே எடுத்துப் போடுவார். விளிம்பைத் தடவு, எழுத்து எவ்வளவு கூர்மையாக எழும்பி நிற்கிறது பார் என்பார். பிறகு ஒருநாள் நல்ல காசுகளுக்கு நடுவே ஒரு போலியைச் சொல்லாமல் கலந்துவைத்தார். விரலே அதை ஒதுக்கியது. சங்கப் புலவர் வடம வண்ணக்கன் பேரிசாத்தனாரின் பெயரிலுள்ள வண்ணக்கன் என்பது நாணயம் நோட்டம் பார்ப்பவரைக் குறிக்கும் என்பார்கள். கவிதையும் காசும் ஒரே கண்ணுக்குப் பிடிபட்டதில் எனக்கு வியப்பே இல்லை.

2. எடை போடாமல் வாங்காதே. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே சீராக வெளியிட்ட ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தேய்ந்த காசு இதற்குச் சற்றுக் குறையலாம்; கூடினால் சந்தேகப்படு. எடையை மட்டும் சரியாக வைக்கத் தெரிந்தவர்களும் உண்டு. அதற்குத் தண்ணீர் இருக்கிறது. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கு. காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்து. தேயாத வெள்ளி ரூபாய் என்றால் தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். 1.3 பக்கம் போனால் உள்ளே இருப்பது செம்பு மாதிரி வேறொரு உலோகம். ஆனால் 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

3. காந்தத்தை நம்பி யாரையும் தூக்கிலிடாதே. ஒட்டினால் வெள்ளி இல்லை, அவ்வளவுதான். ஒட்டாததெல்லாம் வெள்ளியும் இல்லை. 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல். காந்தத்தில் ஒட்டுவதுதான் அதற்கு அழகு.

4. உருப்பெருக்கியை ஓரத்துக்குக் கொண்டுபோ. எல்லோரும் ராணியின் முகத்தையே பார்ப்பார்கள் என்று போலி செய்பவனுக்குத் தெரியும். அச்சில் ஊற்றிய காசின் விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ இருக்கும். மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். எழுத்துகள் கரைந்தாற்போல் இருக்கும். விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருந்தால் மட்டும் உடனே முகம் சுளிக்காதே. மாலையில் கோக்க வளையம் வைத்த நல்ல காசாக இருக்கலாம். காயம் பட்டது வேறு, கள்ளம் வேறு.

5. திருநீறு போட்டுத் தேய்க்காதே. வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது சரி. காசில் படிந்த கறுப்பு ஒரு சாட்சி. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசில் கன்னமும் கூந்தலும் வெளுத்திருக்கும், பள்ளங்களில் கறுப்பு தங்கியிருக்கும். மேடு பள்ளம் பாராமல் ஒரே சீராகக் கறுத்திருந்தால், யாரோ அவசரப்பட்டு வயதேற்றியிருக்கலாம். நீயே தேய்த்துப் பளபளக்க வைத்துவிட்டால் எதை வைத்து விசாரிப்பாய்?

6. காசுக்கு முன்னால் கதை வந்தால் கையைச் சட்டைப்பைக்குள் விடு. 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலிருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். இது உண்மைக் கதை. உண்மைக் கதை இருக்கும் இடத்தில்தான் பொய்க்காசுக்கும் விலை ஏறும். 1939 ரூபாய் அரியது. 1938இன் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிவிடுவார்கள். அந்த இலக்கத்தை மற்ற மூன்றோடு ஒப்பிட்டு, சுற்றியுள்ள தரை சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார். ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்டு 1616, 1818 என்று ஆண்டு பொறித்த ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ காசுகளைக் கம்பெனி அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் என்று சொல்லி அவற்றை லட்சங்களுக்கு விற்கிறார்கள், படித்தவர்களே வாங்குகிறார்கள். ஆசைப்பட்ட கண்ணுக்கு ஈயமும் வெள்ளி.

7. உனக்குப் புரியாததைப் பொய் என்று சொல்லிவிடாதே. இது எல்லாவற்றையும்விடக் கடினம்; நாலு போலியைப் பிடித்ததும் தலைக்கனம் வந்துவிடும். சென்னை நாணயச்சாலையில் கம்பெனி அடித்த ஆர்க்காட்டு ரூபாயை எடுத்துக்கொள். அதிலிருப்பது முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர். ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6. அவர் இறந்தது 1759இல். அதே பெயரும் ஆண்டுமாக 19ஆம் நூற்றாண்டிலும் காசு வந்துகொண்டிருந்தது. விக்டோரியாவின் 1862 ரூபாயும் அப்படித்தான், அதே ஆண்டைத் தாங்கி அதன் பிறகும் பல ஆண்டுகள் வந்தது. எது எந்த ஆண்டில் அடித்தது என்று காசிலுள்ள புள்ளிகளை எண்ணித்தான் பிரிக்கிறார்கள். அரசே பழைய தேதி போட்ட நல்ல காசு இது. ஒரு கூட்டத்தில் இளைஞன் ஒருவன் ஆர்க்காட்டு ரூபாயைக் கையில் வாங்கி, எல்லோர் முன்னாலும் போலி என்றான். வைத்திருந்தவர் பதில் பேசாமல் உறையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் தன் தொகுப்பைக் காட்டவில்லை. நஷ்டம் அந்த இளைஞனுக்கும்தான்.

8. விற்பவரிடம் குரலை உயர்த்தாதே. பாதிப்பேருக்கு அவர்கள் விற்பது என்னவென்று தெரியாது. வாங்கும் முன்பே, சரியில்லை என்றால் திருப்பித் தருவேன் என்று சொல்லி ரசீதில் எழுதி வாங்கு. எழுதித் தரத் தயங்கினால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடு.

9. தெரிந்த போலி உன்னோடு நிற்கட்டும். போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும்; மாற்றாகக்கூட யாருக்கும் தள்ளிவிடாதே. எனக்குத் தெரிந்த நேர்மையான ஒருவர் போலிகளைப் படிப்பதற்கென்றே தனிப் பெட்டியில் சேர்த்துவைத்திருந்தார். எது எது என்று அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவர் போன பிறகு பிள்ளைகள் விவரம் தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து விற்றார்கள். அந்தப் போலிகள் அவர் பெயரின் மதிப்போடு மறுபடி சந்தைக்கு வந்தன. அதனால் ஒவ்வொரு போலிக்கும் தனி உறை போடு. என்ன காசு, எதனால் போலி, எடை எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு என்று அதன்மேல் எழுதித் தேதி போடு. அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவை.